அளவு பேண்ட் வேண்டாம், அப்பாவைக் கூட்டி வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருச்சி பாலக்கரையில் 44 வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். பேண்ட், கோட்டு இரண்டும்தான் என் தொழில். எனக்கே 66 வயதாகிறது. போன ஞாயிறு உங்கள் நாளிதழின் இணைப்பில், முகூர்த்த மாதத்தை ஒட்டி மாப்பிள்ளைகளுக்கான கோட் சூட் பற்றி இரண்டு பக்கம் போட்டிருந்தீர்கள். நிறம், துணி, டை, ஷூ வரைக்கும் எல்லாம் இருந்தது. அந்த மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் மேடையில் நிற்கப்போகிற அப்பாவுக்கும் மாமனாருக்கும் தாத்தாவுக்கும் ஒரு வரிகூட இல்லை. என் கடைக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் அவர்கள்தான். அதனால் இதை எழுதுகிறேன்.

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கடை சாத்துகிற நேரம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், 67 வயது, வேட்டி சட்டையில் கையில் பெரிய பையோடு வந்தார். மறுநாள் சாயங்காலம் மகளுக்கு ரிசப்ஷன். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன், போனில் வயிற்றளவை மட்டும் கேட்டுக்கொண்டு, அங்கேயே ஒரு கடையில் ரெடிமேட் சூட் வாங்கி அனுப்பியிருக்கிறார். "மாஸ்டர், கால் மட்டும் நீளமா இருக்கு. ரெண்டு இஞ்ச் குறைச்சுக் குடுத்துட்டீங்கன்னா போதும்" என்றார்.

போட்டுக் காட்டச் சொன்னேன். திரைக்குப் பின்னாலிருந்து அவர் வெளியே வர ரொம்ப நேரமானது. வந்தபோது மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்திருந்தார். பேண்ட் தொப்பைக்குக் கீழே இடுப்பெலும்பில் தொங்கிக்கொண்டிருந்தது. பெல்ட்டைக் கடைசி ஓட்டைவரை இழுத்து மாட்டியும் அது நிற்கவில்லை. கவட்டை இறங்கிப்போய்த் தொடையைப் பிடித்துக்கொண்டிருந்தது. பின்பக்கம் சீட்டில் சதை வற்றிவிட்டதால் துணி இரண்டு பை மாதிரி தொங்கியது. பாட்டம், அதாவது காலின் கீழ்முனைச் சுற்றளவு, 13 அங்குலம். கெண்டைக்காலை ஒட்டிக்கொண்டு, ஷூவின் மேல் நாலைந்து மடிப்பாகக் குவிந்து கிடந்தது. கோட்டில் பட்டன் போட்டிருந்த இடத்திலிருந்து நாலு பக்கமும் துணி இழுத்தது. கழுத்துக்குப் பின்னால் காலர் சட்டையை விட்டு ஒரு விரல் தள்ளி நின்றது.

"மூச்சை விடுங்க சார்" என்றேன். விட்டார். பிறகு கண்ணாடியைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு இதெல்லாம் செட் ஆகாது மாஸ்டர். கோட்டு போடுற உடம்பா இது?" என்றார்.

அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. எத்தனை வருடம் வகுப்பறையில் பிள்ளைகள் முன்னால் நிமிர்ந்து நின்ற மனிதர்! மகள் கல்யாணத்துக்கு முதல் நாள் தன் உடம்பைப் பார்த்துத் தானே கூச்சப்படுகிறார். 25 வயதுப் பையனின் உடம்பை மனத்தில் வைத்து வெட்டிய துணியை 67 வயதுக்காரருக்கு மாட்டிவிட்டு, பொருந்தாததற்கு அவரே வெட்கப்படும்படி வைத்துவிட்டோம்.

வயதானவர்களுக்குப் பேண்ட் வாங்குகிற பிள்ளைகள் தயவுசெய்து ஒன்றை யோசித்துப் பாருங்கள். உங்கள் அப்பா வேட்டியை எங்கே கட்டுகிறார்? பெரும்பாலும் தொப்புளை ஒட்டித்தான் கட்டுவார். அங்கே கட்டினால்தான் நிற்கும், அவிழாது, உட்கார எழ சுலபம். ஐம்பது வருடப் பழக்கத்தில் அவருடைய கைக்கே அந்த இடம் தெரியும். அதே மனிதருக்குப் பேண்ட் என்று வரும்போது மட்டும் தொப்பைக்குக் கீழே நாலு விரல் இறக்கி மாட்டுகிறோம். லோ வெயிஸ்ட் பேண்ட் வேறு எங்கேயும் நிற்காது. இடுப்பிலிருந்து கவட்டை வரையிலான உயரம் அதில் அவ்வளவுதான் வைத்திருக்கிறார்கள். வேட்டி எங்கே நிற்கிறதோ அங்கேதான் வயதானவரின் பேண்ட்டும் நிற்க வேண்டும். இது சரியாகிவிட்டால் மீதியில் பாதி தானாகச் சரியாகிவிடும்.

"அப்பாவுக்கு வயசாகிச் சுருங்கிட்டாரு, பேண்ட்டெல்லாம் நீளமாயிடுச்சு" என்று சொல்லிப் பிள்ளைகள் கால் வெட்டக் கொண்டுவருவார்கள். கால் எலும்பு அப்படியெல்லாம் குறைந்துவிடாது. பேண்ட்தான் இரண்டு மூன்று அங்குலம் கீழே இறங்கிவிட்டது. நீளத்தை வெட்டிக் கொடுத்தால் மடிப்பு போகும். ஆனால் இறங்கின கவட்டை இறங்கினபடியேதான் இருக்கும். காலை எட்டி வைக்க முடியாமல் மனிதர் குறுகக் குறுக நடப்பார். பார்க்கிறவர்கள் வயசு நடை என்பார்கள். அதே ஆளுக்குப் பேண்ட்டை மேலே ஏற்றித் தைத்துக் கொடுத்தால் நடையே மாறிவிடுகிறது. இதை நான் எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன்.

ரெடிமேடில் இன்னொரு சங்கடம், அளவுகள் எல்லாம் சேர்ந்தே ஏறும். இடுப்பு 40 என்றால் சீட்டும் தொடையும் அதற்குத் தக்கபடி பெரிதாகவே வரும். இளவயதில் பருமனாக இருப்பவனுக்கு அது சரி. வயதானவருக்கு வயிறுதான் முன்னால் வரும், சீட்டும் தொடையும் வற்றும். வயிறு 40, சீட்டும் 40 என்று இருக்கிறவர்கள் என் நோட்டில் நிறையப் பேர். வயிற்றுக்காகப் பெரிய சைஸ் வாங்கினால் பின்னால் பை தொங்கும். பின்னால் பொருந்தும் சைஸ் வாங்கினால் முன்னால் கொக்கி எட்டாது. நாங்கள் வெட்டும்போது முன்பாகத்தில் உயரம் கூட்டி, பின்பாகத்தில் கவட்டை வளைவைக் குறைத்து, முன்னும் பின்னும் வேறு வேறு ஆளுக்கு வெட்டுவதுபோல வெட்டுவோம்.

முன்னால் ஒரு பக்கத்துக்கு இரண்டு பிளீட், அதாவது இடுப்புப் பட்டிக்குக் கீழே மடிப்பு, வைக்கச் சொன்னால் பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள், பழைய ஸ்டைலாம். உட்காரும்போது இடுப்புச் சுற்றளவு கூடுகிறது. நாடாவை இடுப்பில் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள், ஒரு அங்குலத்துக்கு மேல் ஏறும். தொடைப்பக்கம் அந்த இடத்தைப் பிளீட்தான் கொடுக்கிறது. நின்றால் மூடிக்கொள்ளும், உட்கார்ந்தால் விரியும். பாட்டம் 16, 17 அங்குலம் வைப்பேன். அதற்குக் கீழே போனால் முட்டியில் துணி பிடிக்கும். முட்டி ஆபரேஷன் செய்துகொண்டவருக்கு இன்னும் அரை அங்குலம் கூட விடுவேன். வயதானவருக்குத் தொளதொளவென்று தைப்பதும் தப்புதான். சின்ன வயதில் போட்ட சட்டை பேண்ட்டையே இளைத்த பிறகும் மாட்டிக்கொண்டு திரிந்தால், இருக்கிற வயதுக்கு மேலே பத்து வயது ஏற்றிக் காட்டும். உடம்பைத் தொட்டும் தொடாமலும், இடுப்பிலிருந்து நேராக ஒரே கோடாக இறங்க வேண்டும். முன்பக்கம் ஷூவின் மேல் லேசாக ஒரு மடிப்பு, பின்பக்கம் ஷூவின் குதிகால் ஆரம்பிக்கிற இடத்துக்கு மேலேயே நின்றுவிட வேண்டும். ரிசப்ஷன் மேடைப் படியில் குதிகாலுக்கடியில் பேண்ட் மாட்டித் தடுமாறி விழுந்து, மணிக்கட்டு முறிந்த ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். அதனால்தான் டிரையலுக்கு வரும்போது அன்றைக்குப் போடப்போகிற ஷூவையே போட்டு வரச் சொல்கிறேன். செருப்போடு வந்தால் திருப்பி அனுப்பியதும் உண்டு.

ஜிப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கூச்சம். நான் பேசுகிறேன். சுகர் இருக்கிறவரும் பிராஸ்டேட் தொந்தரவு இருக்கிறவரும் அடிக்கடி பாத்ரூம் போக வேண்டும். அவசரமாகப் போக வேண்டும். லோ வெயிஸ்ட் பேண்ட்டில் ஜிப் ஒரு சாண்கூட இருக்காது. அதுவும் தொப்பைக்கடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில். விரல் மூட்டு வீங்கியவர் அந்தச் சின்னக் கொக்கியோடு எப்படிப் போராடுவார்? ஜிப்பைக் கீழே வரை இறக்கித் தைக்க வேண்டும், கொக்கி பெரிதாக இருக்க வேண்டும், ஜிப்பின் இழுப்பானில் ஒரு சின்ன நாடாவைக் கோத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. கல்யாண மண்டபத்தில் காபி வேண்டாம், தண்ணீர் வேண்டாம் என்று தாகத்தோடு உட்கார்ந்திருந்த பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். காரணம் கேட்டால் சொல்ல மாட்டார்கள்.

பெல்ட்டும் அப்படித்தான். வயிறு முன்னால் சரிந்தவருக்குப் பெல்ட் எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கித்தான் இறங்கும். ஹெர்னியா ஆபரேஷன் ஆனவருக்கு அந்த இறுக்கமே வலி. கோட்டு போடுகிற நாளில் உள்ளே சஸ்பெண்டர் போட்டுவிடுங்கள், வெளியே தெரியாது. பேண்ட் தோளிலிருந்து தொங்கும், வயிற்றில் எதுவும் இறுக்காது. சஸ்பெண்டர் பிடிக்காதவர்களுக்கு இடுப்புப் பட்டியின் பின்பாதியில் எலாஸ்டிக் வைத்துத் தைத்துக் கொடுக்கிறேன்.

இனி கோட்டு. என்னிடம் 1981-லிருந்து அளவு நோட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொரு பக்கத்திலும் தைத்த துணியின் ஒரு துண்டைக் குத்தி வைத்திருப்பேன். பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்த ஒருவர் 1994-ல் தம்பி கல்யாணத்துக்குக் கோட்டு தைத்தார். போன வருடம் 60 தாண்டி, பேரனெடுத்த தாத்தாவாக மறுபடி வந்தார். பழைய பக்கத்தைத் திருப்பினேன். சாம்பல் நிறத் துணித் துண்டு, பின் துருப்பிடித்து அப்படியே இருந்தது. கோட்டின் முன்நீளம் அன்று 30½ அங்குலம். இப்போது எடுத்தால் 29. "டேப்ப சரியாப் புடிங்க மாஸ்டர், நான் அதே ஆளுதான்" என்றார். முகம் வாடிவிட்டது. முதுகெலும்புக்கு நடுவிலுள்ள வட்டுகள் வயதாக ஆகத் தேய்ந்து சுருங்கும், நாற்பதுக்கு மேல் பத்து வருடத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. உயரம் குறையும் என்று எனக்கு ஒரு டாக்டர் வாடிக்கையாளர் சொல்லியிருக்கிறார். அதை அவரிடம் சொன்னேன். எல்லோருக்கும் உள்ளதுதான், கால் அதே 41 நீளம்தான் இருக்கு பாருங்க என்று நோட்டைக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் ஆறினார்.

முன்னால் குறைந்த அளவு பின்னால் கூடியிருக்கும், அதுதான் விஷயம். முதுகு லேசாக வளைந்துவிட்டால் கழுத்தெலும்பிலிருந்து கோட்டின் கீழ் விளிம்புவரை பின்பக்கம் துணி அதிகம் வேண்டும். கடையில் வாங்கும் கோட்டில் அது இருக்காது. அதனால்தான் காலர் கழுத்தை விட்டுத் தள்ளி நிற்கிறது, பின் விளிம்பு மேலே தூக்குகிறது, முன்பக்கம் தொங்குகிறது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் இந்த ஒன்றிலேயே தெரிந்துவிடும். கோட்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்க முன்னால் நிற்காதீர்கள், பின்னால் போய் நில்லுங்கள். காலர் சட்டைக் காலரை ஒட்டி உட்கார்ந்திருக்க வேண்டும், சட்டைக் காலர் அரை அங்குலம் மேலே தெரிய வேண்டும். முதுகில் குறுக்கே இழுவை இருக்கக் கூடாது. கோட்டு சீட்டை மூடியிருக்க வேண்டும். இப்போது பையன்கள் போடுகிற குட்டைக் கோட்டு வயதானவருக்கு வயிற்றைத்தான் எடுத்துக் காட்டும். கோட்டின் கை மணிக்கட்டு எலும்போடு நிற்க வேண்டும், அதற்குக் கீழே சட்டையின் விளிம்பு கொஞ்சம் தெரிய வேண்டும்.

ஒரு தவறை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். இருபது வருடத்துக்கு முன்னால், சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு மகன், அப்பாவின் சதாபிஷேகத்தன்று சாயங்காலம் குடும்பப் படம் எடுக்கக் கோட்டு வேண்டும் என்றார். அப்பாவை அழைத்துவரச் சொன்னேன். அலைய வைக்க வேண்டாம் என்று அளவுக்கு ஒரு பழைய கோட்டைக் கொடுத்தார். முகூர்த்த நேரம், கையில் வேலை நிறைய. நானும் சரி என்றுவிட்டேன். அந்தக் கோட்டு தைத்து எட்டு வருடமாகியிருந்தது. இடையில் பெரியவருக்குப் பக்கவாதம் வந்து இடது தோள் இறங்கியிருந்தது எனக்குத் தெரியாது. நான் பார்த்திருந்தால் அந்தப் பக்கம் உள்ளே பேட் கூட்டி வைத்து, தோள் சரிவை மாற்றி வெட்டியிருப்பேன். வெளியே யாருக்கும் தெரிந்திருக்காது. இரண்டு வருடம் கழித்து அவர் காலமானபோது துக்கம் விசாரிக்கப் போனேன். கூடத்தில் மாலை போட்டிருந்த படம் அந்தச் சதாபிஷேகத்துப் படம். இடது தோளில் துணி குழிந்து, காலர் கழுத்தை விட்டு விலகி நின்றது. வீட்டில் யாருக்கும் அது கண்ணில் பட்டிருக்காது. எனக்கு அதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. அன்றிலிருந்து பழைய துணியை வைத்து அளவு எடுப்பதை நிறுத்திவிட்டேன். நடக்க முடியாதவர் என்றால் டேப்பையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு நானே வீட்டுக்குப் போகிறேன். உறையூர், ஸ்ரீரங்கம், திருவெறும்பூர் எல்லா இடத்துக்கும் போயிருக்கிறேன்.

அளவு எடுக்கும்போதும் அவசரம் கூடாது. டேப்பைப் பார்த்ததும் எல்லோரும் நெஞ்சை நிமிர்த்தி வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். ஐந்து நிமிடம் பேரன் பேத்தி பற்றிப் பேச்சுக் கொடுத்தால் உடம்பு தன் இயல்புக்கு வந்துவிடும். அப்போது எடுப்பேன். நின்றபடி ஒரு தடவை, உட்கார்ந்தபடி ஒரு தடவை. முடிந்தால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரச் சொல்வேன், கல்யாண விருந்தை அந்தப் பேண்ட்டோடுதானே சாப்பிடப்போகிறார்.

உடம்புக்குத் தக்கபடி கோட்டு மாறலாம் என்பதற்கு நம் மண்ணிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. அப்துல் கலாம் ஐயா 2002-ல் குடியரசுத் தலைவரானபோது அவருக்கு 70 வயது. அந்தப் பதவியில் இருப்பவர்கள் கழுத்துவரை பட்டன் போட்ட பந்த்கலா போடுவது வழக்கம். கழுத்தை அடைக்கும் அந்தக் கோட்டு அவருக்கு ஒத்துவரவில்லை. கழுத்துப் பக்கத்தைத் திறந்துவிட்டு அவருக்கென்று தைத்தார்கள், கலாம் சூட் என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. ராணுவ அணிவகுப்பிலிருந்து பள்ளிக்கூட மேடைவரை அதைத்தான் போட்டார். ஒரு இடத்திலும் அவர் கழுத்தைத் தளர்த்திக்கொண்டு நெளிந்ததாக நான் பார்த்ததில்லை. நாட்டின் முதல் குடிமகனுக்கே கோட்டு வளைந்து கொடுத்தது. நம் வீட்டுப் பெரியவருக்கு ஏன் கொடுக்கக் கூடாது?

துணியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம்ம ஊர் வெயிலுக்கு முழு பாலியஸ்டர் வேண்டாம், வேர்த்து ஊற்றும். பாலியஸ்டரும் கம்பளியும் கலந்த மெல்லிய டெரிவூலில் பாதி லைனிங் மட்டும் வைத்துத் தைத்தால் போதும். உள்பக்கம் மூக்குக் கண்ணாடிக்கு ஒரு பாக்கெட், மாத்திரைக்கு ஒரு சின்ன பாக்கெட். பின்தையலில் ஒன்றரை அங்குலம் துணி விட்டு வைக்கச் சொல்லுங்கள். வயிறு ஏறினாலும் இறங்கினாலும் அதே பேண்ட்டைப் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம்.

அந்த ஆசிரியருக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்தேன். ரெடிமேடில் உள்தையலில் முக்கால் அங்குலம்தான் துணி இருந்தது. அதை விட்டு, இடுப்புப் பட்டியைப் பிரித்து வேறு துணியில் இரண்டு அங்குல உயரம் ஏற்றி, பின்சீட்டைப் பிடித்துக் கொடுத்தேன். ஒட்டுப்போட்டது கோட்டுக்குள் மறைந்துவிடும். பாட்டத்தை ஒன்றும் செய்ய முடியவில்லை. காலரையும் ஒரு ராத்திரியில் சரிசெய்ய முடியாது. பட்டன் போடாமல் திறந்தே விட்டுக்கொள்ளுங்கள் சார் என்று சொல்லி அனுப்பினேன். பத்து நாள் முன்னால் வந்திருந்தால் அவரை ராஜா மாதிரி நிறுத்தியிருப்பேன்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, அடுத்த முகூர்த்த மாதத்தில் இப்படிப் பக்கம் போடும்போது எழுபது வயதுக்காரர் ஒருவருக்கும் நன்றாகத் தைத்த கோட்டு போட்டுப் படம் எடுத்துப் போடுங்கள். வயிறோடும் வளைந்த முதுகோடும் இருக்கிற நிஜமான ஒருவராக இருக்கட்டும். நின்றபடி ஒன்று, பின்பக்கமிருந்து ஒன்று, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து காபி குடித்தபடி ஒன்று. மூன்றாவது படத்தைப் பெரிதாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரர்,
பாலக்கரை, திருச்சிராப்பள்ளி